ஏழு கேள்விக்குறிகள்

ஏப்ரல் 8, திங்கள்

சிவகாசியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். வீட்டு மாடியில் ஆறு கம்ப்யூட்டர்களைப் போட்டு அதற்கு டிசைன் ஸ்டூடியோ என்று பெயர் வைத்திருக்கிறார் தவமணி அண்ணாச்சி. காலண்டருக்குச் சாமி படம் வரைந்து அச்சகங்களுக்குக் கொடுப்பது தொழில். இந்த ஆறையும் பார்த்துக்கொள்வது என் வேலை. பெங்களூரில் முந்நூறு சர்வர்களைக் கட்டி மேய்த்தவனுக்கு ஆறு கம்ப்யூட்டர், ஒரு மோடம், கறகறவென்று சுற்றும் ஒரு மின்விசிறி.

பெங்களூர் வேலையை ஏன் விட்டேன் என்று கேட்டார். நானாகத்தான் விட்டேன் என்றேன். அதை இரண்டு தடவை சொல்லியிருக்க வேண்டியதில்லை.

மெஸ்ஸுக்கு மேலே அறை. வாளி வாங்க வேண்டும். தண்ணீர் கேனுக்குச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 9, செவ்வாய்

மெஸ் சாம்பாரில் அடியில் ஏதோ இருக்கும் என்று நம்பிக் கரண்டியை விட்டுத் துழாவினேன். ஒன்றுமில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

இன்று கண்ட காட்சியை எழுதாமல் விடமுடியாது. காலை பத்து மணிக்கு ஜெபமலர் என்ற பெண் (இங்கே சாமி படம் வரைகிறவள், சாட்சியாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள்) கை கழுவிவிட்டு வந்து, சாமி அலமாரியைத் திறந்து, பிள்ளையாருக்கும் ஊதுவத்தி ஸ்டாண்டுக்கும் நடுவிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்தாள். அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம். அந்த வாரம் வரைந்த படங்களை அதில் ஏற்றினாள். பிறகு திரும்பப் பிள்ளையாரிடமே கொண்டுபோய் வைத்தாள். பேக்கப் எடுக்கிறார்களாம். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண் ஒருத்தி டிஸ்க்குக்குப் பொட்டு கலையாமல் பார்த்துப் பிடிப்பதைச் சிரிக்காமல் பார்ப்பதற்குத் தனியாகச் சம்பளம் தரவேண்டும்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். "ரெண்டும் ஒரே ரூம்ல இருந்தா பேக்கப் எடுத்தும் பிரயோசனம் இல்ல அண்ணாச்சி. தீப்பிடிச்சா ரெண்டும் சேந்து போயிரும்."

இந்த ஊரில் தீ என்ற சொல்லுக்கு உடனே மரியாதை. காதில் மாட்டியிருந்த பென்சிலைக் கையில் எடுத்துவிட்டார். "அப்ப என்ன செய்யணுங்கிய தம்பி?"

வெளியூரில் இதற்கென்றே சர்வர் வைத்திருக்கும் கம்பெனிகள் உண்டு, இடத்தை வாடகைக்கு எடுத்தால் போதும், பேக்கப் மென்பொருளில் அந்த முகவரியைக் கொடுத்துவிட்டால் நம் படங்களெல்லாம் எஃப்டிபி என்ற இணைய வழியில் தினமும் சாயங்காலம் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும் என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்க யாரு பாத்துக்கிடுவா? நம்ம ஆளு யாரும் இருக்காகளா?" என்று கேட்டார். அவருக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

ஏப்ரல் 16, செவ்வாய்

வாடகை இடம் கிடைத்துவிட்டது. சர்வர் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் வந்துவிட்டன. பேக்கப் மென்பொருளில் மூன்றையும் போட்டு இணைப்பைச் சோதித்தால் போகவில்லை. மோடத்தில் எஃப்டிபிக்கான கதவு (போர்ட்) அடைத்திருந்தது. பத்து நிமிட வேலை. அதற்குள் அண்ணாச்சி மோடத்துக்குக் கற்பூரம் காட்ட ஆள் அனுப்பிவிட்டார். இணைப்பு கிடைத்தது கற்பூரத்தால் என்று இந்த மாடியில் நான்கு பேர் நம்புகிறார்கள். நான் திருத்தவில்லை. எவ்வளவுதான் திருத்துவது.

ஏப்ரல் 22, திங்கள்

அனுப்புவதற்கு முன் கோப்புகளை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். வயிறு எரிந்தது. இந்த வருடம் வெளியாகும் காலண்டர் ஆல்பத்துக்கு இருபத்துச் சொச்சம் படங்கள். பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில். அது ஆங்கிலமா? muruhan pudhusu. lachumi kan sariyaakkiyathu. sarasvathy ok ok. aiyapan annachi paathachu. ஒரே சாமியை மூன்று பேர் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள், மூன்றுமே தப்பு. ஆங்கிலமும் வராது, தமிழை எழுதவும் கூச்சம்.

எல்லாவற்றையும் மாற்றினேன். இனிமேல் ஒரு சாமிக்கு ஒரு கோப்பு. பெயர் தமிழில், பிழையில்லாமல், வாலில்லாமல். முருகன் என்றால் முருகன், அவ்வளவுதான். புதுசு, ஓகே ஓகே, அண்ணாச்சி பாத்தாச்சு எதுவும் கூடாது. சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன்.

அண்ணாச்சி படித்துவிட்டு, "பாக்க லட்சணமாத்தான் இருக்கு" என்றார். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் அறிவார்ந்த வார்த்தை.

ஏப்ரல் 30, செவ்வாய்

சாயங்காலம் முதல் தடவையாக அனுப்பினேன். மாறியதை மட்டும் அனுப்பும் வசதியும் மென்பொருளில் இருக்கிறது. அந்த அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. தினமும் எல்லாமே போகவேண்டும், அகர வரிசையில், முதலிலிருந்து கடைசிவரை. அனுப்பிய பிறகு ஒவ்வொன்றையும் சரிபார்க்கும் வசதியை நிறுத்திவிட்டேன். அது இரண்டு மடங்கு நேரம் பிடிக்கிறது, சந்தேகப் பிராணிகளுக்கு வைத்தது.

அறிக்கை: அனைத்தும் வெற்றி. பிழை எதுவுமில்லை.

அந்தப் பக்கத்துச் சர்வரைத் திறந்து பார்த்தால் தமிழ்ப் பெயர்கள் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள். பழைய சர்வர், தமிழைக் காட்டத் தெரியவில்லை. பார்வைக் கோளாறுதான். உள்ளே கோப்பு கோப்பாகத்தான் இருக்கும். இன்னொன்று: பதினோரு ஜிபி அனுப்பினேன், அங்கே நான்குதான் அடைத்திருக்கிறது. சுருக்கி அனுப்பும்படி நான் செய்த ஏற்பாடு இவ்வளவு வேலை செய்யும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. அண்ணாச்சியிடம் சொன்னபோது வாடகை குறையுமா என்று கேட்டார்.

மே 3, வெள்ளி

அனுப்பியதில் ஒன்றைத் திரும்ப எடுத்துக் காட்டவேண்டுமாம் அண்ணாச்சிக்கு. நியாயம்தான், காட்டினேன். எதை எடுப்பது என்று கேட்டதற்கு அண்ணாச்சி, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வேற எதத் தொடுவீக? லட்சுமிய எடுங்க" என்றார். லட்சுமியைக் கேட்டேன். தாமரை, யானை, கையிலிருந்து கொட்டும் காசு, ஒரு புள்ளி குறையாமல் வந்து இறங்கினாள். அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டுத் திரையைக் கும்பிட்டார்.

எல்லோரும் போன பிறகு ஜெபமலர் மட்டும் நின்றாள்.

"சார், என் முருகனையும் ஒரு தடவ எடுத்துப் பாத்துரலாமா?"

"ஏன், லட்சுமி வந்தாச்சு, முருகன் வராதா?"

"வரும் சார். சும்மா மனசு கேக்கல."

"மனசு கேக்குறதுக்கெல்லாம் சர்வர் ஓட்ட முடியாது, ஜெபமலர்."

போய்விட்டாள். முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும். ஒன்று வந்தால் எல்லாம் வந்த மாதிரி என்பது புரியாதவர்களுக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டே இருந்தால் ஆயுசு போதாது.

பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்கைப் பிள்ளையாரிடமிருந்து மீட்டு, முழுக்க அழித்து, கணக்குப் பிரிவுக்குக் கொடுத்துவிட்டேன். குங்குமத்தைத் துடைக்கத்தான் நேரமானது.

மே 14, செவ்வாய்

துணி துவைத்தேன். மழை வரும் போலிருந்தது, வரவில்லை.

மே 21, செவ்வாய்

ஜெபமலர் மூன்று மாதமாக ஒரே முருகனை வரைந்துகொண்டிருக்கிறாள். மற்றவர்கள் பழைய படத்தின் தலையை வெட்டிப் புது உடம்பில் ஒட்டிக் காலையில் ஒரு சாமி, சாயங்காலம் ஒரு சாமி என்று தள்ளிவிடுகிறார்கள். இவள் பேனாவை வைத்துக்கொண்டு திரையில் மயிலின் ஒரு தோகைக்கு ஒரு வாரம் எடுக்கிறாள். இந்தப் படத்தைப் பல்பொடி விளம்பரத்துக்கு மேலே அச்சடித்து ஆணியில் மாட்டப்போகிறார்கள் என்று யாராவது அவளுக்குச் சொல்லவேண்டும்.

சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "தெரியும் சார். ஆனா இந்தத் தடவ கீழ என் பேரப் போடுறேன்னு அண்ணாச்சி வாக்குக் குடுத்திருக்காரு" என்றாள்.

அந்தக் காலத்தில் கையால் வரைந்தவர்களின் பெயர் படத்தின் மூலையில் இருக்குமாம். கம்ப்யூட்டர் வந்த பிறகு யார் பெயரும் போடுவதில்லையாம்.

"ஒரு பேருக்கா இவ்வளவு பாடு?"

"எங்க வீட்ல நான் டைப் அடிக்கிறேன்னு நெனச்சிட்டு இருக்காக சார். எட்டு வருசமா. பொண்ணு பாக்க வந்தவுகட்டயும் அதத்தான் சொன்னாக. எங்கம்மா கையில ஒரு தடவ காலண்டரக் குடுத்து, கீழ வாசிம்மான்னு சொல்லணும்."

முருகனுக்குக் கீழே ஜெபமலர் என்று போட்டால் ஆர்டர் பிடிக்கிற ஏஜென்டுகள் ஏதாவது சொல்வார்களே என்று அவள் அண்ணாச்சியைக் கேட்டதற்கு, "முருகனுக்கே தெரியும் யாரு வரைஞ்சான்னு, இவனுகளுக்கு என்ன?" என்றாராம்.

படத்தைப் பற்றிச் சொல்லவேண்டுமானால், மோசமில்லை. இன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் யாருமில்லாதபோது கொஞ்சம் பார்த்தேன். மணியைப் பார்த்தால் மூன்றாகிவிட்டது. மெஸ்ஸில் சோறு தீர்ந்துவிட்டது.

ஜூன் 6, வியாழன்

பெங்களூர் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல். ஆட்குறைப்பில் விடுவிக்கப்பட்டவர்கள் அனுபவச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளலாமாம். எனக்கும் தவறுதலாக வந்திருக்கிறது.

ஜூன் 19, புதன்

அறிக்கை: அனைத்தும் வெற்றி. தினமும் இதைப் படிப்பது ஒன்றுதான் இந்த ஊரில் எனக்கு ஆறுதல்.

ஜூலை 9, செவ்வாய்

ஆடிப் பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். ஏஜென்டுகள் ஊர் ஊராக அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஆர்டர் பிடிப்பார்கள். ஆல்பத்தில் இல்லாத படம் அந்த வருடம் இல்லாத படம். அதனால் மாடி முழுக்க ஒரே பரபரப்பு. மற்ற படங்கள் எல்லாம் அச்சகத்துக்குப் போய்விட்டன. முருகன் மட்டும் போகவில்லை. கண்ணில் இன்னும் ஏதோ பாக்கியாம். அண்ணாச்சியே கெஞ்சுகிறார், "போதும்த்தா, குடுத்துரு". இவள், "இன்னும் ஒரு வாரம் அண்ணாச்சி" என்கிறாள். முதலாளி கெஞ்ச, வேலையாள் தவணை சொல்கிற அலுவலகத்தை இங்கேதான் பார்க்கிறேன்.

ஜூலை 15, திங்கள்

மத்தியானம் கரண்ட் போய், வந்து, மறுபடி போய், மறுபடி ஒரு வேகத்தோடு வந்தது. படங்களெல்லாம் இருக்கும் நடுக் கம்ப்யூட்டரிலிருந்து தீய்ந்த வாடை. டிஸ்க் போய்விட்டது. மதுரையில் எனக்குத் தெரிந்தவரிடம் உடனே கொடுத்தனுப்பினேன். திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் தேறாது என்று போனில் சொல்லிவிட்டார்.

மாடியே செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது. ஜெபமலர் பேனாவைக் கையில் பிடித்தபடியே இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆல்பத்துக்கு மூன்று வாரம் கூட இல்லை.

நான் மட்டும்தான் பதறவில்லை. இந்த நாளுக்காகத்தானே ஏற்பாடு செய்தேன். "நாளைக்குக் காலையில புது டிஸ்க் போட்டு எல்லாத்தையும் இறக்கிருவேன். போய்த் தூங்குங்க" என்றேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது. இவர்களுக்கு முன்னால் இப்படி ஒரு நாள் வரவேண்டும் என்று உள்ளூர ஆசை இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

ஜூலை 16, செவ்வாய்

முருகன் வரவில்லை.

சரியாகச் சொன்னால், வந்தது லட்சுமி. முருகனைக் கேட்டால் லட்சுமி வருகிறாள். ஐயப்பனைக் கேட்டாலும் லட்சுமி. சரஸ்வதியைக் கேட்டாலும் அதே தாமரை, அதே யானை, அதே காசு. பெருமாளைக் கேட்டால் விநாயகர்.

காரணத்தை நானே கண்டுபிடித்தேன். என்னைத் தவிர யாராலும் முடிந்திருக்காது. அந்தச் சர்வருக்குத் தமிழைக் காட்டத் தெரியாதது அல்ல விஷயம். தமிழை வாங்கி வைத்துக்கொள்ளவே தெரியாது. தெரியாத குறி ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டு, அதையே பெயராக வைத்துக்கொள்கிறது. முருகன் நமக்கு நான்கு எழுத்து. கம்ப்யூட்டருக்கு அப்படியில்லை. மு என்றால் ம தனி, உகரக் குறி தனி. ன் என்றால் ன தனி, மேலே புள்ளி தனி. கூட்டினால் ஏழு. லட்சுமியும் ஏழு. ஐயப்பன் ஏழு, சரஸ்வதி ஏழு. நான்கு பேருக்கும் ஒரே பெயர், ஏழு கேள்விக்குறிகள். ஒரே பெயரில் இரண்டாவது கோப்பு வந்தால் முதல் கோப்பு அழிந்துவிடும். அகர வரிசையில் இந்த நால்வரில் லட்சுமி கடைசி. தினமும் சாயங்காலம் முருகன் போய்ச் சேர்ந்திருக்கிறான், சில நிமிடத்தில் லட்சுமி வந்து அவன்மேல் உட்கார்ந்திருக்கிறாள். ஏப்ரலிலிருந்து. அறிக்கை: அனைத்தும் வெற்றி.

muruhan pudhusu என்றே விட்டிருந்தால் பத்திரமாக இருந்திருக்கும். இந்த வரியை மூன்று தடவை அடித்துத் திருத்தி எழுதினேன். காப்பி அதிகமாகிவிட்டது.

ஜெபமலர் என்ற பெயரையும் எண்ணிப் பார்த்தேன். ஏன் எண்ணினேன் என்று தெரியவில்லை. அதுவும் ஏழு. என் பெயர் அறவாழி, ஆறுதான் வருகிறது.

ஜூலை 17, புதன்

அண்ணாச்சிக்கு ஏதாவது ஒரு விளக்கம் தரவேண்டியிருந்தது. குறி, புள்ளி, அகர வரிசை என்று அவரிடம் சொன்னால் என்ன புரியும்? அதனால் புரிகிற மாதிரி சொன்னேன். "மத்ததெல்லாம் அச்சகத்துல இருக்கு, அதனால சேதம் இல்ல. முருகன் ஃபைலை அந்தப் பொண்ணு சாயங்காலம் மூடாமலே போயிரும். தெறந்து கெடக்குற ஃபைல் சரியா போய்ச் சேராது." திறந்து கிடக்கும் கோப்பு சில சமயம் சரியாகப் போகாது என்பது உண்மைதான். பொதுவாகச் சொன்னேன்.

அவர் உடனே ஜெபமலரைக் கூப்பிட்டார். நான் பக்கத்து அறையில் இருந்தேன், கேட்டது.

"அஞ்சு மாச வேலைத்தா. ஃபைல மூடிட்டுப் போக ஒனக்கு நேரமில்லயா?"

"மூடிட்டுத்தான் அண்ணாச்சி போவேன்."

"தம்பி பொய்யா சொல்லுதாரு?"

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"பேரு போடுறதெல்லாம் இந்த வருசம் வேண்டாம். பழைய முருகன் ஒண்ண ஒட்டிக் குடுத்துரு, ஆல்பத்துல எடம் காலியா இருக்கக் கூடாது."

அவள் வெளியே வந்தபோது நான் மோடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மோடத்தில் ஒரு கோளாறும் இல்லை.

ஜூலை 18, வியாழன்

என் மேஜைக்கு வந்து நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"சார், நான் ஃபைல மூடலன்னு நீங்க பாத்தீகளா?"

"பாத்தேன்னு சொல்லல. அப்படி இருக்கலாம்னு சொன்னேன்."

"அண்ணாச்சிட்ட இருக்கலாம்னா சொன்னீக?"

மின்விசிறி கறகறத்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் வேலை செய்யும்போது திரையைப் பார்ப்பது போல, மூக்கிலிருந்து புருவத்துக்கு, புருவத்திலிருந்து வாய்க்கு, நிதானமாக. பிறகு "சரி சார்" என்று போய்விட்டாள். நாகரிகமில்லாத பார்வை.

ஜூலை 20, சனி

பழைய முருகனை ஒட்டித்தர முடியாது என்று சொல்லிவிட்டாளாம். புதிதாக வரைகிறாளாம். போன படமே திரும்ப வராது, அதை இரண்டாம் தடவை வரையத் தனக்கு ஆகாது, வேறு வரைகிறேன் என்றாளாம். சூரசம்ஹாரம். அண்ணாச்சிக்குத் திகில். "வீட்டுல மாட்டுற படத்துல சூரன் எதுக்குத்தா?" என்று என்னிடமே புலம்பினார். ஐந்து மாதம் பிடித்தவள் ஒரு வாரத்தில் என்ன கிழிப்பாள் என்றேன்.

ஜூலை 23, செவ்வாய்

கோப்புப் பெயர்களை மறுபடி ஆங்கில எழுத்துக்கு மாற்றினேன். சுவரில் ஒட்டியிருந்ததைக் கிழித்துவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இவர்களுக்கு எதைப் பற்றியும் கேள்வி கிடையாது.

ஜெபமலர் கர்த்தரின் ஊழியம் மாதிரி வரைகிறாள். சாப்பிடப் போவதில்லை. நான் அந்தப் பக்கம் போனால் திரையைத் திருப்பிவிடுகிறாள். எனக்குப் பார்க்கவேண்டும் என்று ஒன்றும் இல்லை.

ஜூலை 27, சனி

படம் முடிந்தது. மாதிரி அச்சு எடுத்து நடு மேஜையில் வைத்தார்கள். நான் போவதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. ஒருவன் தண்ணீர் குடிக்கப் போனான். இன்னொருவனுக்குத் திடீரென்று இருமல்.

முருகன் நன்றாக இருக்கிறான், அதைச் சொல்லத்தான் வேண்டும். கை ஓங்கவில்லை. வேலைத் தாழ்த்திவிட்டு நிற்கிறான். காலடியில் சூரன். கிரீடம் கழன்று கிடக்கிறது. நீண்ட முடி, பெரிய மீசை, தங்கக் கவசம் எல்லாம் வழக்கம்போலத்தான். ஒரு புருவம் மட்டும் மேலே ஏறியிருக்கிறது. தாடையில் இடது பக்கம் ஒரு மச்சம். உதட்டின் ஓரம் எதிரில் இருப்பவன் முட்டாள் என்று முடிவு கட்டிய மாதிரிக் கோணியிருக்கிறது.

எனக்கும் தாடையில் இடது பக்கம்தான் மச்சம்.

அண்ணாச்சி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தம்பி, பயலுக சிரிக்கானுவ. சூரன் ஒங்க சாயல்ல இருக்காம்."

"அப்படியா? எனக்குத் தெரியல."

"இல்லன்னா நல்லது. சாயல் இருக்குன்னு நீங்க சொன்னா, மூஞ்சிய மாத்தச் சொல்லிருவேன். ஆனா ஒண்ணு கேப்பேன். அந்தப் புள்ள யாரையும் எதுத்துப் பேசாதது. அது ஒருத்தர சூரன் எடத்துல வச்சு வரையுதுன்னா என்ன நடந்துச்சுன்னு கேப்பேன். நீங்க சொல்லணும்."

அவர் பென்சிலைக் காதில் மாட்டினார், எடுத்தார், மறுபடி மாட்டினார்.

"நேத்து அந்த ஸ்டோரேஜ் கம்பெனிக்காரங்களுக்கு நானே போன் போட்டேன், சண்ட போடலாம்னு. தமிழ்ப் பேரு அங்க ஏறாதுன்னு நாம எடம் எடுத்த அன்னைக்கே கடிதாசில எழுதியிருக்காகளாமே. எம் பேரனை விட்டுக் கம்ப்யூட்டர்ல தேடச் சொன்னேன், இருக்கு."

இருக்கிறது. படித்திருந்தேனா என்று நினைவில்லை. அந்த மாதிரி நீண்ட கடிதங்களை நான் முழுவதும் படிப்பதில்லை.

"சாயல் இருக்கா, இல்லயா தம்பி?"

இருக்கிறது என்றால் முகம் மாறிவிடும், ஆனால் நடந்ததை என் வாயால் சொல்லவேண்டும். இல்லை என்றால் ஒன்றும் சொல்லவேண்டாம், ஆனால் இந்த முகம் லட்சக்கணக்கில் அச்சாகும். பெங்களூரில் பெரிய பெரிய மேலாளர்கள் கூட என்னை இப்படி நிறுத்தியதில்லை.

"இல்ல அண்ணாச்சி" என்றேன்.

"சரி. அப்ப படம் இப்படியே போகட்டும். கீழ அந்தப் புள்ள பேரையும் போட்ருவோம்."

கதவுவரை போனவனைக் கூப்பிட்டார். "வேலைய விட்டுப் போயிராதீக. இன்னொருத்தனக் கூட்டியாந்து மொதல்லருந்து கத்துக்குடுக்க எனக்குத் தெம்பு இல்ல." இரக்கத்தில் சொன்னாரா, இளக்காரத்தில் சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இளக்காரத்தை நான் நன்றாக அறிவேன் என்று நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. ஆல்பம் வெளியாயிற்று. திருச்செந்தூர்ப் பக்கத்து ஏஜென்டுகள் சூரசம்ஹாரத்தை விட்டு நகரவில்லையாம். நான் போகவில்லை. வயிற்று வலி.

ஆகஸ்ட் 5, திங்கள்

இப்போது அந்தச் சர்வருக்குப் போகும் ஒவ்வொரு படத்தையும் மறுநாள் காலையில் திரும்ப இறக்கித் திறந்து பார்க்கிறேன். ஒவ்வொன்றாக. இரண்டு மணி நேரம் பிடிக்கிறது. வேலை இல்லாத ஊரில் வேறு என்ன செய்வது.

ஜெபமலர் இன்று தானாக வந்து, "எல்லாம் வந்திருச்சா சார்?" என்று கேட்டாள். வந்துவிட்டது என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். அவ்வளவுதான் பேச்சு.

டிசம்பர் 27, வெள்ளி

காலண்டர்கள் வந்துவிட்டன. அண்ணாச்சி எல்லோருக்கும் ஆளுக்கு ஐந்து கொடுத்தார். ஜெபமலர் அவள் அம்மாவிடம் கொடுத்தாளாம். அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் வாசிக்க வரவில்லையாம். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, பெயரை வாசித்துவிட்டு, பிறகு மேலே படத்தைப் பார்த்துவிட்டு, "யாருத்தா இந்த மனுசன்?" என்று கேட்டார்களாம். சூரனைத்தான். "எங்க ஆபீஸ் சார்" என்றாளாம். இதை அவளே எல்லோருக்கும் முன்னால் சொல்லிச் சிரித்தாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். நான் இருப்பது அவளுக்குத் தெரியும்.

மெஸ்காரர் நான் சாப்பிடும் மேஜைக்கு நேரெதிரே அந்தக் காலண்டரை மாட்டியிருக்கிறார். காலையில் இட்லிக்குக் காத்திருந்தபோது முதல் தடவையாக முழுக்கப் பார்த்தேன். இதுவரை புருவத்தையும் உதட்டையும் மச்சத்தையும்தான் பார்த்திருக்கிறேன். கண்ணைப் பார்த்ததில்லை. அதைத்தான் அவள் கடைசியில் வரைந்திருப்பாள், அவள் வழக்கம் அதுதான்.

அந்தக் கண்ணில் அகங்காரம் இல்லை. ஆத்திரமும் இல்லை. முழுக்கப் பயந்துபோன, யாராவது ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லமாட்டார்களா என்று மேலே பார்க்கிற கண். என்னை அவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை. சர்வர் இட்லியை வைத்துவிட்டுப் போனான், ஆறிவிட்டது.

அவள் என்னை வெறுத்து வரைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.